எங்க லேப்ல ஓடுச்சே சார்!

(செட்டப் ஃபைல் கட்டுவது எப்படி? பட்டறிவில் எழுதிய கட்டுரை)



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் வந்து, "டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் குடுடா. கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கனவே நாப்பது வந்து கெடக்கு" என்றான். சரி, நாம் பட்ட பாட்டையே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். படித்துவிட்டு யாராவது ஒரு ஜூனியர் வைவாவுக்கு முன்னால் உஷாரானால் அதுவே எனக்குப் போதும்.

எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட், ஒரு பால் சொசைட்டிக்கான சாஃப்ட்வேர். ஊர்ப் பெயர் வேண்டாம். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர்களின் லிட்டர், ஃபேட், எஸ்.என்.எஃப். மூன்றையும் டைப் செய்துகொண்டே வரவேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை அதுவே ரேட் சார்ட்டைப் பார்த்து விலை போட்டு, ஆளுக்கொரு பட்டுவாடாச் சீட்டு அடித்துக் கொடுக்கும். நான்கு பேர் சேர்ந்து பைத்தான் மொழியில் எழுதினோம். கல்லூரி லேபில் ஜம்மென்று ஓடியது. சார் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

2025 ஆகஸ்டில் பென் டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போனோம். செட்டப்பைத் தட்டினால், 'இது உங்கள் விண்டோஸுக்கு ஒத்துவராது, 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. அங்கே இருந்தது 2 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய கம்ப்யூட்டர், 32 பிட் விண்டோஸ் 7. நாங்கள் கட்டியதோ 64 பிட் கம்ப்யூட்டரில். "எங்க லேப்ல ஓடுச்சே சார்" என்று செயலாளரிடம் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப உங்க லேபைத்தான் இங்க தூக்கிட்டு வரணும் தம்பி" என்றார்.

இரண்டாம் தடவை 32 பிட் பைத்தானில் கட்டிக்கொண்டு போனோம். இப்போது ஏதோ ஒரு டி.எல்.எல். ஃபைலைக் காணவில்லை என்றது. மூன்றாம் தடவை நடந்ததுதான் பெரிய கூத்து. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

இன்ஸ்டாலர் என்ன செய்கிறது?

நம்மில் பலருக்கு செட்டப் என்றால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்ற மூன்று பட்டன்தான். அந்தப் பட்டன்களுக்குப் பின்னால் வரிசையாகப் பல வேலைகள் நடக்கின்றன. கம்ப்யூட்டர் என்ன வகை, விண்டோஸ் எந்தப் பதிப்பு, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருக்கி வைத்த ஃபைல்களை விரித்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். நம் புரோகிராம் நம்பியிருக்கும் மற்ற ஃபைல்கள் அங்கே இல்லை என்றால் அவற்றையும் போட வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் குறிப்பு எழுத வேண்டும். நாளைக்கு நீக்கச் சொன்னால் எதை எதை நீக்குவது என்று பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் கரண்ட் போனாலோ பிழை வந்தாலோ, போட்டதை எல்லாம் எடுத்துவிட்டு பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இதற்கு ரோல்பேக் என்று பெயர். மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.ஐ. முறை, ஆஃபீஸ் 2000 தொகுப்போடு 1999ல் வந்தபோது இந்த ரோல்பேக்தான் அதன் முக்கிய வசதிகளில் ஒன்று.

இதையெல்லாம் நாமே எழுத வேண்டியதில்லை. இன்னோ செட்டப் என்ற கருவி 1997 முதல் இருக்கிறது. வினாம்ப் பாட்டு பிளேயரைத் தந்த நல்சாஃப்ட் உருவாக்கிய என்.எஸ்.ஐ.எஸ். என்ற கருவியும் இருக்கிறது. நாம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். ஆனால் எதைக் கட்டுவது, யாருக்குக் கட்டுவது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

எத்தனை வகை கம்ப்யூட்டர்!

முதல் சிக்கல், பிட் கணக்கு. 32 பிட் முகவரியால் எண்ணக்கூடிய பைட்டுகள் 2ன் அடுக்கு 32, அதாவது 4,294,967,296. இதுதான் 4 ஜி.பி. எல்லை. 2003ல் ஏ.எம்.டி. நிறுவனம் ஆப்டெரான் சிப்பின் மூலம் பழைய இன்டெல் கட்டளைகளையும் விடாமல் 64 பிட்டுக்கு வழி போட்டது. பிறகு இன்டெலும் அதே வழிக்கு வந்தது. ஆகவே 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் ஓடும். 32 பிட் விண்டோஸில் 64 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது. எங்கள் முதல் பயணம் தோற்றது இந்த ஒரு வரியால்தான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது 'சிஸ்வவ்64' என்ற ஃபோல்டரில்! பழைய புரோகிராம்கள் சிஸ்டம்32 என்ற பெயரையே தமக்குள் எழுதி வைத்திருந்ததால் பெயரை மாற்ற முடியவில்லை. வைவாவில் கேட்டால் பயப்படாமல் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. 1990களில் வந்த பல புரோகிராம்கள் 32 பிட்டாக இருந்தாலும் அவற்றின் செட்டப் மட்டும் 16 பிட்டில் இருந்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராம்களை ஓட்டாது. விளைவு? புரோகிராம் ஓடக்கூடியதுதான், ஆனால் செட்டப்பே திறக்காது. வீடு நன்றாக இருக்கிறது, வாசல் கதவு திறக்கவில்லை என்ற கதை. இன்ஸ்டாலரைப் புரோகிராமைவிடப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்படி, அதே சமயம் புதியதிலும் ஓடும்படி கட்ட வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

டிரைவர் விஷயத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம் ஓடினாலும், 32 பிட் டிரைவர் ஓடாது. டிரைவர் கெர்னலுக்குள் போய் உட்காருவதால் அதன் பிட்டும் கெர்னலின் பிட்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். சொசைட்டியில் எடை மெஷினை யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வழியாக கம்ப்யூட்டரில் மாட்டுகிறோம் அல்லவா, அந்தக் கன்வெர்ட்டருக்கு இரண்டு டிரைவரையும் கட்டில் வைக்க வேண்டும்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். 1996ல் வந்த விண்டோஸ் என்.டி. 4.0 சி.டி.யில் இன்டெல், மிப்ஸ், ஆல்ஃபா, பவர் பி.சி. என்று நான்கு வகை பிராசஸருக்கு நான்கு ஃபோல்டர்கள் இருந்தன. ஆப்பிள் நிறுவனம் 1994ல் மோட்டரோலா 68000 வரிசையிலிருந்து பவர் பி.சி.க்கும், 2006ல் இன்டெலுக்கும், 2020ல் தன் சொந்த எம்1 சிப்புக்கும் மாறியது. ஒவ்வொரு தடவையும், ஒரே ஃபைலுக்குள் பழைய சிப்புக்கான கட்டளை, புதிய சிப்புக்கான கட்டளை இரண்டையும் வைத்துக் கொடுக்கும் வழி இருந்தது. வாங்குகிறவர் எந்த மெஷின் என்று தலையைச் சொறிய வேண்டாம். ஃபைல் மட்டும் குண்டாகிவிடும்.

பிட் சரியானால் போதுமா? போதாது. எங்கள் இரண்டாம் பயணம் தோற்றது பதிப்புக் கணக்கில். பைத்தான் 3.8 வரைதான் விண்டோஸ் 7ல் ஓடும். 3.9 முதல் ஓடாது. நாங்கள் 32 பிட்டை மட்டும் யோசித்து, புதுசா இருக்கட்டும் என்று புதிய பைத்தானை எடுத்தோம். புதிய பைத்தான் தேடிய டி.எல்.எல். விண்டோஸ் 7ல் கிடையாது. பைத்தானை இ.எக்ஸ்.இ. ஆக்கும் பைஇன்ஸ்டாலர் கருவி, தான் எந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பைத்தானோடு ஓடுகிறதோ அதே வகைக்குத்தான் கட்டித் தரும். விண்டோஸில் கட்டினால் விண்டோஸுக்கு, 64 பிட்டில் கட்டினால் 64 பிட்டுக்கு. 'எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு' என்ற வித்தை அதனிடம் இல்லை.

சி மொழியில் எழுதும் நண்பர்களுக்கும் இதே கதைதான். விஷுவல் சி++ல் எழுதிய புரோகிராமுக்கு அதன் ரன்டைம் ஃபைல்கள் வேண்டும். இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் 64 பிட்டாக இருந்தாலும், புரோகிராம் 32 பிட் என்றால் 32 பிட் ரன்டைம்தான் போட வேண்டும். கம்ப்யூட்டரைப் பார்த்து ரன்டைம் போடாதீர்கள், புரோகிராமைப் பார்த்துப் போடுங்கள்.

லினக்ஸ் பக்கம் போனால் டெபியன் பொட்டலத்தின் பெயரிலேயே விவரம் இருக்கும்: பெயர், பதிப்பு, கம்ப்யூட்டர் வகை. பொட்டலத்துக்குள் 'எனக்கு இன்ன இன்ன பொட்டலங்கள் வேண்டும்' என்ற பட்டியலும் இருக்கும். ஆனால் புதிய லினக்ஸில் கம்பைல் செய்ததைப் பழைய லினக்ஸில் ஓட்டினால், ஜி-லிப்-சி பதிப்பு போதாது என்று பிழை வரும். தலைகீழாகப் போனால் வராது. அதனால்தான் அனுபவசாலிகள், 'இருப்பதிலேயே பழைய மெஷினில் கம்பைல் பண்ணு' என்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் இன்டெல் மெஷினுக்கான இன்ஸ்டாலரே கிடையாது. விண்டோஸ் 11ம் 64 பிட்டில் மட்டுமே வருகிறது. உலகம் முன்னே போகிறது. சொசைட்டி கம்ப்யூட்டர் அங்கேயேதான் இருக்கிறது. நடுவில் நிற்பது நாம்.

கட்டுச்சோறா, ஓட்டல் சாப்பாடா?

இப்போது மூன்றாம் பயணத்துக்கு வருகிறேன்.

எங்கள் செட்டப் 80 எம்.பி. இருந்தது. குழுவில் ஒருவன், "பெரிய பெரிய கம்பெனி எல்லாம் குட்டி செட்டப்தான் குடுக்கறாங்க. மீதிய நெட்ல இருந்து அதுவே இறக்கிக்கும்" என்று யோசனை சொன்னான். ஸ்டைலாக இருக்கிறதே என்று எல்லோரும் தலையாட்டினோம். 1 எம்.பி.யில் ஒரு குட்டி செட்டப் எழுதி, 80 எம்.பி.யை ஓர் இணைய டிரைவில் ஏற்றி வைத்தோம்.

இதில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கொடுப்பது ஆஃப்லைன் இன்ஸ்டாலர். குட்டியாக வந்து மீதியை இறக்கிக்கொள்வது வெப் இன்ஸ்டாலர். முன்னது கட்டுச்சோறு மாதிரி. தூக்கக் கனம், ஆனால் எங்கே உட்கார்ந்தும் பிரித்துச் சாப்பிடலாம். பின்னது வழியில் ஓட்டல் இருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு கிளம்புவது. மைக்ரோசாஃப்டின் டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 இரண்டு விதமாகவும் கிடைக்கிறது. வெப் இன்ஸ்டாலர் ஓரிரு எம்.பி., ஆஃப்லைன் 100 எம்.பி.க்கு மேல். வெப் இன்ஸ்டாலரிலும் நன்மை இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டியதை மட்டும் இறக்கும், எப்போதும் புதிய பதிப்பைத் தரும். லைன் நன்றாக இருந்தால் அதுவே சிறந்தது. லைன் நன்றாக இருந்தால்!

சொசைட்டியில் இணைய இணைப்பு கிடையாது. என் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். உள்ளே சிக்னல் இல்லை; வாசலில் வேப்ப மரத்தடியில் ஒரு கோடு வந்தது. போனை மரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு டவுன்லோடை ஆரம்பித்தோம். நொடிக்கு 23 கே.பி. வேகம். 60 எம்.பி. வந்ததும் அறுந்தது. மறுபடி முதலில் இருந்து. 45ல் அறுந்தது. மறுபடி முதலில் இருந்து. சாயங்காலப் பால் வரும் நேரத்தில் ஒருவழியாக 'ஃபினிஷ்' வந்தது. பசும்பாலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம், சரியாக வந்தது. டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டோம்.

பத்தாம் நாள் பட்டுவாடா. செயலாளர் போனில் கூப்பிட்டார். பசும்பால் ஊற்றியவர்களுக்குத் தொகை சரியாக வருகிறது. எருமைப்பால் ஊற்றியவர்களுக்கெல்லாம் சீட்டில் 0.00! நாங்கள் அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். ஒரு ஆத்தா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "ஏங்கண்ணு, நோட்டுல எழுதுன வரைக்கும் காசு வந்துச்சு. இந்தப் பொட்டி வந்ததும் என் எருமை தண்ணியா கறக்குது?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணத்தில்தான் அவர் தவிட்டுக்கடைப் பாக்கியைக் கட்ட வேண்டும் என்று பிறகு தெரிந்தது.

நல்லவேளை, செயலாளர் எங்களை முழுசாக நம்பாமல் நோட்டிலும் எழுதி வந்திருந்தார். மதியம் இரண்டு மணி வரை கையால் கணக்குப் போட்டு எல்லோருக்கும் பணம் கொடுத்தார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டினோம்.

தப்பு எங்கே நடந்தது?

லேபுக்கு வந்து பிரித்துப் பார்த்தபோது புரிந்தது. கடைசித் தடவையும் லைன் அறுந்துதான் இருக்கிறது. எங்கள் குட்டி செட்டப், வந்தது வரைக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டது.

நாங்கள் பயன்படுத்தியது டார்-ஜி.இசட். வகைப் பொட்டலம். அது முன்னிருந்து பின்னாக, வர வர விரிந்துகொண்டே போகும். பாதி வந்தால் பாதி ஃபைல் விரிந்துவிடும். ஜிப் வகையில் உள்ளடக்க அட்டவணை ஃபைலின் கடைசியில் இருக்கிறது. பாதி மட்டும் வந்த ஜிப்பைச் சாதாரணமாகத் திறக்கவே முடியாது; அந்த வகையில் அது நமக்கு ஒரு பாதுகாப்பு. எங்கள் பொட்டலத்தில் பசு ரேட் சார்ட் முன்னால் இருந்தது, எருமை ரேட் சார்ட் கடைசியில் இருந்தது. அது வந்து சேரவே இல்லை. போதாக்குறைக்கு எங்கள் புரோகிராமில், சார்ட் இல்லை என்றால் விலை பூஜ்யம் என்று எழுதி வைத்திருந்தோம். பிழை வந்தால் சத்தம் போட்டு நின்றிருக்க வேண்டிய புரோகிராம், வாயை மூடிக்கொண்டு பூஜ்யம் அடித்தது.

லைனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அறுகிற லைன் அறுந்துகொண்டுதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு கட்டாதது எங்கள் தப்பு.

கொஞ்சம் கணக்கு

நம் மேத்ஸ் பேப்பரில் வரும் எக்ஸ்பொனென்ஷியல் சார்பு எதற்குப் பயன்படும் என்று நாமெல்லாம் புலம்பியிருக்கிறோம். இதோ பயன்படுகிறது.

லைன் சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை, எப்போது என்று சொல்ல முடியாமல் அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 23 கே.பி. வேகத்தில் எங்கள் 80 எம்.பி. இறங்கச் சுமார் 60 நிமிடம். ஒருமுறைகூட அறாமல் 60 நிமிடம் ஓட எத்தனை வாய்ப்பு? எக்ஸ்பொனென்ஷியல் மைனஸ் 3, அதாவது சுமார் 0.05. இருபது முயற்சியில் ஒன்று!

அறுந்தால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றால், முடிக்க ஆகும் சராசரி நேரம்: எக்ஸ்பொனென்ஷியல் 3ல் இருந்து 1ஐக் கழித்து 20ஆல் பெருக்க வேண்டும். 19.09 பெருக்கல் 20, சுமார் 382 நிமிடம். ஆறு மணி நேரத்துக்கும் மேல்.

அதே ஃபைலை நான்கு துண்டாக, 15 நிமிடத் துண்டுகளாக வெட்டி, அறுந்த துண்டை மட்டும் மறுபடி இறக்கினால்? சராசரி சுமார் 89 நிமிடம். பன்னிரண்டு துண்டாக வெட்டினால் சுமார் 68 நிமிடம். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் 60 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். லைன் அதே லைன், ஃபைல் அதே ஃபைல். கட்டும் விதத்தில்தான் ஆறு மணி நேரம் ஒரு மணி நேரமாகிறது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. மோடம் காலத்திலேயே, 1986ல் சக் ஃபோர்ஸ்பெர்க் எழுதிய இசட்மோடம் முறையில் அந்த வசதி இருந்தது. வலைத்தளங்கள் பேசும் எச்.டி.டி.பி. 1.1 விதிகள் 1997ல் வந்தபோது 'ரேஞ்ச்' என்ற வசதியும் சேர்ந்து வந்தது. 'எனக்கு 6 கோடியாவது பைட்டிலிருந்து கொடு' என்று கேட்கலாம். சர்வருக்கு அது தெரிந்தால் 206 என்ற எண்ணோடு பாதியைத் தரும். தெரியாவிட்டால் 200 என்று சொல்லி முழு ஃபைலையும் முதலிலிருந்து அனுப்பும். இந்த 200ஐக் கவனிக்காமல், வந்ததைப் பழைய பாதியோடு ஒட்டிவிட்டால் ஃபைல் நாசம். இன்னொன்று, பாதி இறக்கிய பிறகு சர்வரில் ஃபைலை யாராவது மாற்றியிருக்கலாம். பழைய முன்பாதியும் புதிய பின்பாதியும் சேர்ந்தால், ஆட்டுத் தலையும் மாட்டு உடம்பும்தான். அதற்காகத்தான் 'ஈ-டேக்' என்ற அடையாளத்தையும் சேர்த்து அனுப்பிக் கேட்க வேண்டும். டபிள்யூகெட், கர்ல் போன்ற கருவிகளில் தொடரும் வசதி உண்டு. விண்டோஸ் எக்ஸ்.பி. காலம் முதல் விண்டோஸுக்குள்ளேயே பிட்ஸ் என்ற சேவை இருக்கிறது; லைன் வரும்போது இறக்கி, போகும்போது காத்திருந்து, மறுபடி தொடரும்.

வந்தது சரிதானா?

முழுசாக வந்தால் மட்டும் போதாது, சரியாக வந்ததா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு ஹாஷ் என்ற கைரேகை முறை. ஃபைல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஷா-256 அதிலிருந்து 256 பிட்டில் ஓர் எண்ணைத் தரும். ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். நாம் கட்டும்போது எடுத்த எண்ணும் அங்கே வந்து சேர்ந்தபின் எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் விரிக்க ஆரம்பிக்க வேண்டும். விண்டோஸில் செர்ட்யூடில் என்ற கட்டளையாலேயே இதைக் கையால் பார்க்கலாம். பழைய எம்.டி.5 முறையில் ஒரே கைரேகை உள்ள இரண்டு வெவ்வேறு ஃபைல்களை உருவாக்க முடியும் என்று 2004லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே ஷா-256ஐயே பயன்படுத்துங்கள்.

ஒரு சின்னப் பழக்கமும் சொல்கிறேன். இறக்கும்போது ஃபைலுக்கு 'பாதி' என்று அர்த்தம் வரும் தற்காலிகப் பெயர் வையுங்கள். கைரேகை பார்த்து முடித்தபின் மட்டுமே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். அப்போது எந்த நேரத்தில் கரண்ட் போனாலும், உண்மையான பெயரில் இருக்கும் ஃபைல் முழுமையானதாகவே இருக்கும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் ஆத்தாவின் சீட்டில் பூஜ்யம் வந்திருக்காது.

கையில் கொண்டுபோவதும் ஒரு வழிதான்

நெட் இல்லை என்றால் பென் டிரைவில் கொண்டுபோவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கெனானிகல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை, கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் தபாலில் சி.டி.யை இலவசமாக அனுப்பியது. லைன் இல்லாத ஊர்களுக்கு அதுதான் அப்போது வேகமான வழி.

பென் டிரைவில் ஒரு எச்சரிக்கை. அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருந்தால் 4 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட தனி ஃபைல் அதில் ஏறாது. டிரைவில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்பது போலப் பிழை வந்தால் திகைக்காதீர்கள். ஃபைலைத் துண்டாக்குங்கள். பைத்தான் நண்பர்களுக்கு இன்னொன்று: பிப் கருவியில், வேண்டிய நூலகங்களை எல்லாம் லேபிலேயே ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்து, அங்கே போய் நெட் இல்லாமல் அந்த ஃபோல்டரிலிருந்தே போட வழி இருக்கிறது. இறக்கும்போது அங்கே இருக்கும் கம்ப்யூட்டரின் வகைக்கும் பைத்தான் பதிப்புக்கும் பார்த்து இறக்குங்கள்.

கடைசியில் நாங்கள் கட்டியது

நான்காம் தடவை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, புறப்படும் முன் செயலாளருக்குப் போன் செய்து கம்ப்யூட்டரின் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம்!

இரண்டு, 32 பிட் பைத்தான் 3.8ல் கட்டினோம். 32 பிட் கட்டு 64 பிட் விண்டோஸிலும் ஓடும் என்பதால், நாளைக்கு சொசைட்டி புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் பயமில்லை.

மூன்று, 80 எம்.பி. ஏன் வந்தது என்று பார்த்தோம். யாரும் கேட்காத ஒரு கிராஃப் போடுவதற்காகப் பெரிய நூலகங்களைச் சேர்த்திருந்தோம். அதைத் தூக்கியதும் 24 எம்.பி. ஆனது.

நான்கு, எல்லாவற்றையும் உள்ளே வைத்து, விண்டோஸ் 7க்கு வேண்டிய ரன்டைம் ஃபைல்களையும் சேர்த்து, ஒரே ஆஃப்லைன் இன்ஸ்டாலராக இன்னோ செட்டப்பில் கட்டினோம்.

ஐந்து, செட்டப் ஆரம்பித்ததும் விண்டோஸ் பதிப்பு, வட்டில் இடம் இரண்டையும் பார்க்கும். ஒத்துவராவிட்டால் ஒரு ஃபைல்கூடப் போடாமல், காரணத்தைத் தமிழில் சொல்லி நிற்கும்.

ஆறு, கணக்கு விவரங்களைப் புரோகிராம் ஃபோல்டரில் வைக்காமல் தனி ஃபோல்டரில் வைத்தோம். புரோகிராமை நீக்கினாலும் புதிய பதிப்பு போட்டாலும் கணக்கு அழியாது.

ஏழு, ரேட் சார்ட்டைத் தனி ஃபைலாக்கினோம். விலை மாறினால் 24 எம்.பி.யை அனுப்ப வேண்டாம், சில கே.பி. ஃபைல் ஒன்றை செல்போனிலேயே அனுப்பலாம். அதற்கும் கைரேகைச் சோதனை உண்டு. சார்ட் இல்லை என்றால் புரோகிராம் சீட்டு அடிக்காது.

எட்டு, லேபில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கெஞ்சி வாங்கி, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பைத்தானே இல்லாத சுத்தமான விண்டோஸில் போட்டுப் பார்த்தோம். பாதியில் சுவிட்சை அணைத்தும் பார்த்தோம். செட்டப்பைத் தட்டியது மெக்கானிக்கல் பிரிவு நண்பன். நாங்கள் பக்கத்தில் நின்றோம், வாய் திறக்கவில்லை. அவன் எங்கெல்லாம் முழித்தானோ அங்கெல்லாம் திருத்தினோம்.

இதற்கு ஒரு வாரம் ஆனது. புரோகிராமுக்கு மூன்று மாதம் செலவழித்த நாங்கள் செட்டப்புக்கு முதலில் ஒதுக்கிய நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம்!

நண்பர்களே, நம்மில் பலர் படித்து முடித்ததும் ஏதோ ஒரு கடையிலோ மில்லிலோ ஆஸ்பத்திரியிலோ கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறோம். அங்கே நம் லேபில் இருப்பது மாதிரி கம்ப்யூட்டர் இருக்காது, லைனும் இருக்காது. ஆனால் அங்கே காத்திருப்பவர்களுக்கு அன்றைக்குள் சீட்டு வேண்டும், பணம் வேண்டும். ஆகவே வைவாவுக்குப் போகும் முன் உங்கள் புராஜெக்டை ஒரே ஒருமுறை, கிடைப்பதிலேயே பழைய கம்ப்யூட்டரில், நெட்டைப் பிடுங்கிவிட்டு, வேறு பிரிவு நண்பன் கையால் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் தைரியமாகப் போங்கள்.

அடுத்த பட்டுவாடாவுக்கு நாங்கள் நான்கு பேரும் போயிருந்தோம். ஆத்தா சீட்டை வாங்கி, எழுத்தைக் கூட்டிப் படித்து, நோட்டுக் கணக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். செயலாளர் மட்டும் இன்னும் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டாம் என்றுதான் நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

– இறுதியாண்டு மாணவன், கணிப்பொறிப் பொறியியல் பிரிவு